உடைத்துப் பார்க்கும் வகுப்பு: பள்ளிப் பட்டறையில் வெட்டுதலும் வெல்டிங்கும்

தெருமுனை வெல்டிங் பட்டறையில் தொழில் பழகும் பையனுக்குக் கிடைக்காத ஒரு வசதி பள்ளிப் பட்டறையில் உண்டு. அவன் செய்த இணைப்பை அங்கேயே உடைத்துப் பார்க்கலாம். வெளியே அது நடக்காது. கேட் செய்யச் சொன்னவர் வாசலில் வந்து நிற்பார், இரும்பு கிலோ கணக்கில் காசு, மேஸ்திரிக்கு அடுத்த வேலை காத்திருக்கும். பையன் கசடு தட்டுவான், ஆங்கிளைப் பிடித்துக்கொள்வான், டீ வாங்கி வருவான். ஒருநாள் மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் ஹோல்டரைத் தொட்டுப் பார்ப்பான். அப்படிக் கற்று நல்ல கைகாரர் ஆனவர்கள் ஏராளம். ஆனால் தன் வெல்டு உள்ளே பிடித்திருக்கிறதா, மேலே மட்டும் அப்பியிருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரிய வெகுகாலம் ஆகும். பள்ளியில் வெல்டிங் தொடங்கிய முதல் மாதமே தெரிந்துவிடும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் வரிசை முழுவதும் அதை வைத்தே அமைந்தது.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. அடிப்படை இயந்திரவியல் எடுத்த பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு முழுசாக ஓராண்டு. ஆசிரியரான உங்களுக்குக் கிடைப்பது வாரத்தில் சில பீரியடுகள். ஆகவே ஐ.டி.ஐ. பாடத்தைச் சுருக்கி ஓட்டப் பார்க்காதீர்கள். குழாய் வெல்டிங், தலைக்கு மேலே வெல்டிங், டிக், மிக் எல்லாம் பிறகு அவர்கள் போகும் இடத்தில் கற்பார்கள். நேராக வெட்டவும், இடைவெளி இல்லாமல் பொருத்தவும், மட்டமாகக் கிடக்கும் இரும்பில் உள்வரை உருகிய ஒரு வெல்டு போடவும் வந்தால் போதும்.

இரும்பு

50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள எம்.எஸ். பட்டை வாங்குங்கள். 6 மீட்டர் நீளம் ஒன்று சுமார் 14 கிலோ நிற்கும். 150 மி.மீ. துண்டுகளாக வெட்டினால், ரம்பம் தின்பது போக 39 துண்டு கிடைக்கும். 40 என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பிள்ளையிடம் ஒன்று எங்கே போனது என்று கேளுங்கள். வெட்டுத் தடத்துக்கும் கனம் உண்டு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும்.

செலவுக்குத் தலைமையாசிரியர் முகம் சுளித்தால், உடைத்த துண்டெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய் ஒரு பங்கு காசு திரும்பி வரும் என்று சொல்லலாம். ஆனால் அதே கடையிலிருந்து பயிற்சிக்கு இரும்பு வாங்கி வராதீர்கள். பெயிண்ட் அடித்தது, நாகம் பூசியது, முலாம் போட்டது எல்லாம் கலந்து கிடக்கும். ஜி.ஐ. குழாயில் ஆர்க் பட்டால் வெள்ளைப் புகை எழும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் உடம்புக்கு நல்லதுதான், புகைக்கு அது மருந்தல்ல.

முதலில் ஆக்ஸா பிளேடு

வெல்டிங் மெஷின் வந்து பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் முதல் சில வாரங்கள் அதைத் தொட விடாதீர்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். “சார், வெல்டிங் எப்ப சார்?” என்று தினமும் ஒருவன் கேட்பான். பதில் சொல்லாமல் மூலைமட்டத்தை அவன் கையில் கொடுங்கள்.

பிளேடின் பற்கள் முன்னோக்கிப் பார்த்திருக்க வேண்டும். வெட்டு முன்னே தள்ளும்போதுதான் நடக்கிறது, இழுக்கும்போது அழுத்தக் கூடாது. நிமிடத்துக்கு 40, 50 வீச்சுக்கு மேல் வேண்டாம். வேகமாக இழுத்தால் பல் மழுங்கிவிடும், கையும் ஓய்ந்துவிடும். பட்டைக்கும் கம்பிக்கும் அங்குலத்துக்கு 18 பல், ஆங்கிளுக்கு 24, மெல்லிய குழாய்க்கு 32. எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் நிற்க வேண்டும், இல்லையென்றால் பல் மாட்டி உடையும். பட்டையைக் குறுகலான ஓரத்தில் வெட்டாமல் அகலப் பக்கத்தில் வெட்டச் சொல்வதும் இதனால்தான்.

கோடு போட்டு, பஞ்ச் வைத்து, கோட்டுக்கு வெளியே வெட்டி, பிறகு அரம் போட்டுக் கோடு வரை கொண்டுவர வேண்டும். வெட்டி முடித்த இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் மறுபடி அரம். கோணல் வெட்டை வெல்டு நிரப்பி மறைப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக உள்ள கெட்ட பழக்கம். நிரப்பிய இடம் முதலில் விரியும். இந்த ஒரு பழக்கத்தைப் பள்ளியிலேயே நிறுத்திவிட்டால் ஆண்டு முழுவதும் சொல்லிக் கொடுத்ததில் பாதிப் பயன் கிடைத்ததாக நான் எண்ணுவேன்.

கிரைண்டர்

4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. வட்டின் சுற்றளவை அதோடு பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு சில்லு பறந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

கார்டைக் கழற்றிய மெஷினைப் பட்டறைக்குள் அனுமதிக்காதீர்கள். வட்டின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், மாட்டும் முன் அதைப் படிக்கச் சொல்லுங்கள். வட்டில் எழுதிய வேகம் மெஷின் வேகத்துக்குக் குறையக் கூடாது. கட்டிங் வட்டின் பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது, வெட்டுவதற்கு மட்டும்தான் அது. மரம் அறுக்கும் பல் பிளேடை இந்த மெஷினில் மாட்டும் பழக்கம் வெளியே இருக்கிறது. பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அது கையைக் கொண்டுபோய்விடும் என்று ஒருமுறையாவது உரக்கச் சொல்லிவிடுங்கள்.

வட்டு மாட்டிக்கொண்டு மெஷின் எகிறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: வெட்டிக்கொண்டிருக்கும் துண்டு தொய்ந்து வட்டை இறுக்குவது. வைஸில் பிடித்த பக்கம் அசையாமல் இருக்கட்டும், விழப்போகும் பக்கம் தொங்கட்டும். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டக் கூடாது.

கண்ணும் துணியும்

பாலியஸ்டர் கலந்த சீருடையில் பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேலே பருத்திக் கோட்டு கட்டாயம். பேன்ட் நுனியை மடித்துவிட்டால் பொறி போய் உட்கார அது வசதியான இடம். பெண் பிள்ளைகள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னலைக் கோட்டுக்குள் விட்டு, தொப்பி போட வேண்டும். செருப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்புங்கள், அன்றைக்கு அவர் பாடம் போனாலும் சரி. ஷூ வாங்க முடியாத பிள்ளைக்குப் பள்ளியே நாலைந்து அளவில் ஷூ வாங்கி அலமாரியில் வைத்திருப்பது நல்லது.

ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி. கேஸ் கட்டிங்குக்கு 5 போதும். கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது. வெல்டிங் செய்பவன் கண் மட்டுமல்ல, பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவன் கண்ணும் கெடும், ஏனென்றால் அவனிடம் கறுப்புக் கண்ணாடி பதித்த ஸ்கிரீன் இருக்காது. வெளிச்சம் பட்டவுடன் ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல அரிக்கும், நீர் கொட்டும். வீட்டில் விளக்கெண்ணெய், தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதையும் ஊற்ற வேண்டாம், காலையில் கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். இதைப் பெற்றோருக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே ஒப்புதல் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஜன்னல் பக்கம் தடுப்புத் துணி போடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டாயம் எட்டிப் பார்ப்பார்கள். சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர். மையும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

முதல் ஆர்க்

ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஒருவர் வெல்டிங், ஒருவர் தனி ஸ்கிரீனோடு பக்கத்தில் பார்ப்பவர், ஒருவர் அடுத்த துண்டைத் தயார் செய்பவர். இதற்கு மேல் கூட்டினால் கூட்டம்தான் சேரும், பாடம் நடக்காது.

ராடு 6013 வாங்குங்கள். முதல் இரண்டு இலக்கம் அதன் வலு: சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்த 1, எந்த நிலையிலும் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்கிறது. கடைசி இலக்கத்தை முன்னதோடு சேர்த்துப் படித்தால் மேல்பூச்சின் வகை தெரியும். கடையில் 3.15 மி.மீ. ராடைப் பத்து கேஜ் என்றும், 2.5 மி.மீ. ராடைப் பன்னிரண்டு கேஜ் என்றும் கேட்பார்கள். பழகுபவருக்கு மெல்லிய ராடுதான் சுலபம் என்று நினைத்து 2.5 கொடுப்பவர்கள் உண்டு. நான் 3.15 கொடுக்கச் சொல்வேன். மெல்லிய ராடின் நுனி கை நடுக்கத்தை அப்படியே காட்டும். 6 மி.மீ. பட்டையில் 3.15 ராடுக்கு 110 முதல் 120 ஆம்ஸ் வைத்துத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராடு ஈரம் வாங்கியிருந்தால் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்துக் கொடுங்கள்.

மெஷினைப் போடும் முன் வெறும் ராடோடு ஒரு ஒத்திகை. ராடு உருகிக் குறைந்துகொண்டே வரும். ஆகவே கை முன்னேயும் போக வேண்டும், கீழேயும் இறங்க வேண்டும். பழகாத கை முன்னே மட்டும் போகும், ஆர்க் நீண்டுகொண்டே போய் அணைந்துவிடும். இந்த இரண்டு அசைவும் சேர்ந்து வருவதற்குத்தான் இத்தனை நாள் பயிற்சி. ராடு போகும் திசையில் 70, 80 டிகிரி சாய்வு. நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ராடின் கனம் அளவே. கேபிள் பாரத்தை மேசை தாங்கட்டும், கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

எர்த் கிளாம்பை வேலைத் துண்டிலேயே, துருவைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஜன்னல் கம்பியில் மாட்டுவதெல்லாம் பார்த்தவுடன் கழற்ற வேண்டியது. ஆர்க் எழுவதற்கு முன் ஹோல்டரில் நிற்கும் மின்னழுத்தம் 50 முதல் 80 வோல்ட். குறைவுதானே என்று தோன்றும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில், வேர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றும் பிள்ளைக்கு அது குறைவல்ல. காய்ந்த கையுறை இரண்டு ஜோடி, காலுக்கடியில் மரப்பலகை. மழை ஒழுகும் கூரையின்கீழ் வகுப்பே வேண்டாம்.

ராடை உரசி எழுப்பலாம், தட்டியும் எழுப்பலாம். எப்படியும் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஒட்டினால் கையை முறித்துத் திருப்பி எடுக்க வேண்டும், வராவிட்டால் ஹோல்டர் கைப்பிடியை அழுத்தி ராடை விட்டுவிட வேண்டும். ஒட்டியதும் ஸ்கிரீனை விலக்கிப் பார்க்கும் பழக்கம் எல்லாருக்கும் வரும். அந்த நொடியில் ராடு பிரிந்து மறுபடி ஆர்க் பிடிக்கும். முகத்தைத் திறப்பதற்கு முன் கையைத் தூக்கு என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான இடம். புதிதாகச் செய்பவர் பார்ப்பது வெளிச்சத்தை. பார்க்க வேண்டியது அதற்குச் சற்றுப் பின்னால், உருகிய இரும்பு தேங்கி உறையும் சின்னக் குட்டையை. அதன் விளிம்பு இரண்டு பக்கமும் பட்டையைக் கடித்துக்கொண்டு நகர்ந்தால் வேகம் சரி. இதை வாயால் விளக்கி முடியாது. பக்கத்தில் ஸ்கிரீனோடு நிற்கும் பிள்ளையை, தான் பார்ப்பதை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்: “நீளுது… நீளுது… இறக்கு… இப்ப சரி… இடப்பக்கம் பிடிக்கல.” செய்பவர் கைக்கு அது வழிகாட்டும், சொல்பவர் கண்ணுக்கு அது பயிற்சி. பல நேரம் நன்றாகச் சொல்லிய பிள்ளைதான் அடுத்த முறை நன்றாகப் போடும்.

சத்தத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். சீராகச் ‘சர்ர்’ என்று ஓடினால் நல்லது. ‘சட்… சட்’ என்று விட்டுவிட்டு வெடித்துப் பொறி சிதறினால் ஆர்க் நீளம். அமுங்கிய உறுமலோடு ராடு திக்கினால் ஆம்ஸ் குறைவு. கசடு தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். சூட்டோடு தட்டினால் அது நேரே கண்ணுக்குத்தான் வரும்.

உடைப்பது

ஒரு துண்டைப் படுக்கவைத்து, இன்னொன்றை அதன்மேல் நிறுத்தி, தலைகீழ் ‘டி’ வடிவில் இரண்டு முனையிலும் டேக் (சிறு பொட்டு வெல்டு) வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெல்டு. தண்ணீரில் முக்காமல் தானாக ஆறட்டும். நிற்கும் பட்டை வெல்டு இருக்கும் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆறும் உலோகம் சுருங்கி இழுக்கிறது, ஆகவே அடுத்த முறை எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்த்து டேக் வைக்கட்டும்.

பிறகு வைஸில் பிடித்து, வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியால் அடித்து மடக்க வேண்டும். அப்போதுதான் வெல்டின் அடிவேர் விரியும். விரியாமல் மடங்கிப் படுத்துவிட்டால் கைதட்டலாம். உடைந்தால் அதைவிட நல்லது, பாடம் அங்கேதான் இருக்கிறது. உடைந்த முகத்தை எல்லாரும் கையில் வாங்கிப் பார்க்கட்டும். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் உலோகம் உலோகத்தோடு கலந்திருக்கிறது. சின்னத் துளைகள் என்றால் ஈரம், துரு, எண்ணெய். கறுப்புக் கோடு என்றால் கசடு உள்ளே மாட்டியிருக்கிறது. இவை தவிர இன்னொன்று உண்டு. சில வாரங்களுக்கு முன் அதே பிள்ளை அரம் போட்டபோது விழுந்த மெல்லிய கோடுகள் வெல்டுக்கு அடியில் அழியாமல் அப்படியே தெரியும். அந்த இடம் உருகவே இல்லை. மேலே வரி வரியாக அழகாக விழுந்த வெல்டுக்கு அடியில் தன் அரக்கோட்டைப் பார்த்த பிள்ளைக்கு ‘உள்ளே பிடிக்கவில்லை’ என்பதை வேறு எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. பத்து மதிப்பெண்ணில் வெளித்தோற்றத்துக்கு இரண்டுக்கு மேல் தராதீர்கள். வெட்டுக்கும் பொருத்தத்துக்கும் நான்கு, உடைந்த முகத்துக்கு நான்கு.

கொதிகலன் போன்ற உடைக்க முடியாத வேலைகளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் இதே சங்கதிக்காகத்தான். திருச்சி பெல் தொழிற்சாலையில் அது அன்றாட வேலை. 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் உங்கள் பள்ளி இருந்தால், மாணவர் ஒருவரின் அப்பாவோ மாமாவோ வெல்டராக இருப்பதற்கு நிறைய வாய்ப்புண்டு. ஒரு நாள் அழைத்து, உடைந்த துண்டுகளை அவர் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள்.

கேஸ் கட்டிங்

பதினொன்றாம் வகுப்பில் சிலிண்டரைத் தொட விட வேண்டாம். ஆசிரியர் செய்துகாட்டினால் போதும். பன்னிரண்டில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க.

இந்தப் பாடத்தைக் கெமிஸ்ட்ரி ஆசிரியரோடு சேர்ந்து நடத்துங்கள். அவர் ஆக்ஸிஜன் நிரம்பிய ஜாடியில் பழுக்கக் காய்ச்சிய எஃகு நாரை விடட்டும். இரும்பு பொறி பறக்க எரியும். கேஸ் கட்டிங் என்பது அதேதான். சுடர் இரும்பை உருக்கி வெட்டுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். சுடரின் வேலை, இரும்பைப் பளிச்சென்ற சிவப்புக்கு, ஏறத்தாழ 900 டிகிரிக்குக் கொண்டுவருவது. பிறகு லீவரை அழுத்தினால் பாயும் சுத்த ஆக்ஸிஜனில் இரும்பே எரிகிறது. எரிந்து உண்டான ஆக்ஸைடு இரும்பைவிடக் குறைந்த சூட்டில் உருகுவதால் ஆக்ஸிஜன் அதை ஊதித் தள்ளிவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் இப்படி வெட்டுப்படாததற்குக் காரணம், அவற்றின் மேல் படியும் ஆக்ஸைடு அந்த உலோகங்களைவிட மிக அதிகச் சூட்டில் உருகுவதுதான். ஒரு எவர்சில்வர் துண்டில் முயன்று காட்டுங்கள்.

வெட்டின முகத்தில் மெல்லிய கோடுகள் இருக்கும். அவை செங்குத்தாக இருந்தால் வேகம் சரி. கீழே போகப் போகப் பின்னோக்கி வளைந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். மேல் விளிம்பு உருகி உருண்டிருந்தால் நின்று நின்று போயிருக்கிறீர்கள்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் கறுப்பு, வலப்புறி. அசிட்டிலீன் அரக்கு நிறம், இடப்புறி, நட்டில் வெட்டுக்குறி இருக்கும். மாற்றி மாட்ட முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள், ஆனாலும் ஸ்பானரை வைத்து முறுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அசிட்டிலீன் அசிட்டோனில் கரைந்து இருப்பதால் சிலிண்டர் நின்றபடியே இருக்க வேண்டும். வெளியே வரும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காற்றே இல்லாமல் அது தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடும். இரண்டு ஹோஸிலும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர். ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. சட்டைத் தூசியை ஆக்ஸிஜனால் ஊதிக்கொள்ளும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. ஆக்ஸிஜன் ஏறிய துணியில் ஒரு பொறி விழுந்தால் அணைக்க நேரம் கிடைக்காது. ஆக்ஸிஜனைக் ‘காற்று’ என்று யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லாதபடி பழக்குங்கள்.

எந்த வேலையை எடுப்பது

ஆண்டுக் கடைசியில் பள்ளிக்கே வேலை செய்யட்டும்: உடைந்த பெஞ்சுக் கால், செடித்தொட்டி ஸ்டாண்டு, துடைப்பம் மாட்டும் கொக்கி, சத்துணவுக் கூடத்துக்கு விறகு தாங்கி. பெஞ்சில் மறுநாளே ஆள் உட்காருவதால் கவனம் தானாக வரும். நல்ல கை என்று பெயர் எடுத்த பிள்ளையை விடுமுறையில் அனுப்பச் சொல்லி வெளிப் பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். அனுப்பாதீர்கள். 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை அபாயகரமான தொழிலில் அமர்த்துவது 2016 சட்டத் திருத்தத்துக்குப் பின் குற்றம். உதவியாகத்தான் வருகிறான் என்பது சமாதானமாகாது.

பள்ளியில் வெல்டிங் மெஷின் இருக்கிறது என்று தெரிந்தால் ஆசிரியர்களே ஆளுக்கொரு பொருளோடு வருவார்கள். சைக்கிள் கேரியர், கொடிக்கம்பி ஆணி எல்லாம் சரி. பைக்கின் சேசிஸ், ஹேண்டில் போன்றவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பெட்ரோல் டேங்கும் டீசல் டிரம்மும் தலைமையாசிரியருடையதே ஆனாலும் வாசலோடு திரும்பிப் போகட்டும். காலிதான், கழுவியாச்சு, வெயிலில் காயவைத்தாச்சு என்பார். மடிப்பிலும் துருவிலும் தங்கிய எண்ணெய் சூடு பட்டதும் ஆவியாகி உள்ளே நிரம்பும். அந்த வேலையை அதற்கென்றே இருப்பவரிடம் கொண்டுபோகச் சொல்லிவிடுங்கள்.